நல்ல தண்ணி... உப்புத் தண்ணி... இதில் எது கெட்ட தண்ணி?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போடிநாயக்கனூரில் என் நண்பரின் வீடு. நண்பர் ஒரு வங்கியில் கிளார்க். (பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். அந்த வீட்டில் எனக்குத் தொடர்ந்து காபி கிடைக்க வேண்டும்!)

வாசலில் டை கட்டிய ஓர் இளைஞர் வந்து நின்றார். கையில் பெட்டி. முகத்தில் கவலை. அவருடைய கவலை அல்ல, நம்மைப் பற்றிய கவலை.

"சார், வீட்ல குழந்தை இருக்கா?"

"இருக்கு. மூணு வயசு."

"என்ன தண்ணி சார் குடுக்கிறீங்க?"

நண்பர் திருதிருவென்று விழித்தார். இளைஞர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவரே பாட்டிலில் கொண்டுவந்த 'சுத்தமான' தண்ணீர். பெட்டியிலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை எடுத்து, இரண்டு டம்ளரிலும் முக்கி, பிளக்கைச் செருகினார்.

அரை நிமிஷம்தான். வீட்டுத் தண்ணீர் முதலில் மஞ்சள் ஆனது. அப்புறம் பச்சை. அப்புறம் கூவத்துக்குச் சவால் விடும் கறுப்பு. மேலே நுரை, அடியில் சகதி. அவர் கொண்டுவந்த தண்ணீரோ, கச்சேரியில் முன்வரிசையில் தூங்கும் விழாத் தலைவர் மாதிரி எந்தச் சலனமும் இல்லாமல் இருந்தது.

"இதைத்தான் சார் பாப்பா தினமும் குடிக்குது..."

நண்பரின் மனைவி நண்பரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் விலை பதினாலாயிரம் ரூபாய். மாதத் தவணையில்.

சமையலறைச் சுவரில் மெஷின் ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது. வீடே நிம்மதியாகத் தண்ணீர் குடித்தது.

இருபதே நாளில் அந்தக் குழந்தை வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தது!

எப்படி? மெஷின் ரிப்பேரா? இல்லை. அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் தப்பு எங்கே? அதைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். அவரிடம் போவதற்கு முன்னால் அந்தக் கறுப்புத் தண்ணீர் மர்மத்தை உடைத்துவிடுவோம்.

அழுக்கு எங்கிருந்து வந்தது?

அந்தக் கறுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியில் இருந்து வந்த இரும்பு!

உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். அப்படிப் பாயும்போது ஒரு முனையில் இருக்கும் இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த இரும்பு தண்ணீரோடு சேர்ந்து பச்சையாக, பழுப்பாக, கறுப்பாகத் திரண்டு நிற்கும். சுருக்கமாகச் சொன்னால் துரு. பள்ளிக்கூடத்தில் 'மின்னாற்பகுப்பு' என்று படித்தோமே, அதேதான். அன்றைக்குப் பரீட்சையோடு மறந்தோம். இன்றைக்கு அதையே தவணையில் வாங்குகிறோம்.

அவர் கொண்டுவந்த தண்ணீர் ஏன் நிறம் மாறவில்லை? அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மின்சாரம் பாயவில்லை. கம்பி கரையவில்லை. அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டிருந்தால் அதுவும் கறுத்திருக்கும்! (வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கரன்ட் சமாசாரம்.)

ஆக, அந்தக் கருவி நிரூபித்தது ஒன்றே ஒன்றைத்தான். வீட்டுத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. இளநீரில் அந்தக் கம்பியை விட்டாலும் கம்பி கரையத்தான் செய்யும். அதற்காக யாரும் இளநீரை விஷம் என்று சொல்வதில்லை.

ஒரு வீடு, இரண்டு குழாய்

நம் ஊர்களில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு. ஒன்று 'நல்ல தண்ணி'. இன்னொன்று 'உப்புத் தண்ணி'. நண்பர் வீட்டிலும் அப்படித்தான். முன்வாசலில் நகராட்சிக் குழாய். மாடி டேங்க்கில் போர் தண்ணீர்.

போடிக்கு வரும் நல்ல தண்ணீர் மலைத் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் குரங்கணிப் பக்கம் பிறந்து இறங்குகிறது கொட்டகுடி ஆறு. ஊரை ஒட்டி ஓடி, தேனிப் பக்கம் போய் வைகையோடு சேர்கிறது. நகராட்சிக் குடிநீருக்கு இந்த ஆறுதான் ஆதாரம்.

மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது. அது மலையில் விழுந்து, எளிதில் கரையாத கருங்கல் ஜாதிப் பாறைகளின் மேல் வேகமாக ஓடி வரும்போது அதிகமாக எதையும் கரைத்துக்கொள்ள நேரமில்லை. காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் வழியில் யாரோடும் பேச மாட்டார் இல்லையா, அந்த மாதிரி! அதனால் மலை ஆற்றுத் தண்ணீர் மென்மையாக இருக்கும். சோப்புப் போட்டால் நுரை பொங்கும்.

போர் தண்ணீர் கதை வேறு. அது பூமிக்குள் வருஷக்கணக்கில் பாறை இடுக்கிலும் மண்ணிலும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அதில் கரைகின்றன. இந்த இரண்டும் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு 'கடினம்'. லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை இருந்தால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது பொதுவான கணக்கு.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கைக் கேட்காதீர்கள், சோப்பைக் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து ரசாயனப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1840-களில் சோப்பை வைத்துத்தான் தண்ணீரை அளந்தார். நீங்களும் செய்யலாம். ஒரே அளவு பாட்டில் இரண்டு. ஒன்றில் மழைத் தண்ணீர். இன்னொன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர். துணி சோப்பைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை நிலைத்து நிற்க எதற்கு அதிகச் சொட்டு தேவையோ அது கடினம். ஷாம்பு, சோப்புத்தூள் வேண்டாம். அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

கடினத் தண்ணீர் மேல் போட்ட வழக்குகள்

இந்தக் கடினத் தண்ணீர் மேல் நாம் போட்டிருக்கும் வழக்குகள் ஏராளம். ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதல் வழக்கு: முடி கொட்டுகிறது. ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பேச்சிலர்கள் போட்ட கேஸ் இது. "ஊருக்கு வந்து ஆறே மாசம் சார். சீப்பைப் பார்த்தா அழுகை வருது. எல்லாம் இந்தத் தண்ணி!" அய்யா, மன்னிக்க வேண்டும். கடினத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசப்படாமல் முடி வறண்டு, முரடாகத் தோன்றும். அது உண்மை. ஆனால் ஆண்களுக்கு நெற்றி ஏறுவதும் உச்சி வெளுப்பதும் பெரும்பாலும் பரம்பரை, ஹார்மோன் இரண்டும் செய்யும் வேலை. போர் குழாயைத் திட்டுவதற்கு முன்னால் தாத்தாவின் போட்டோவைப் பாருங்கள்.

இரண்டாம் வழக்கு: கிட்னியில் கல். டீக்கடை பெஞ்ச் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்ட வழக்கு. பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதைப் பார்த்து, "உள்ளேயும் இப்படித்தானே படியும்" என்று நினைக்கிறோம். உடம்பு அண்டா இல்லை. கடினத் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று ஆராய்ச்சிகள் உறுதியாகச் சொல்லவில்லை. போதுமான தண்ணீர் குடிக்காமல் இருப்பது கல் வர முக்கியமான ஒரு காரணம் என்பதுதான் உறுதி. ஆபீஸில் காலையிலிருந்து மூன்று டீயும் அரை டம்ளர் தண்ணீரும் குடிக்கும் ஆசாமிகள் கவனிக்க!

மூன்றாம் வழக்கு: பருப்பு வேகவில்லை. இது உண்மை. கடினத் தண்ணீரில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். இந்த ஒரு வழக்கில் மட்டும் மனைவி சொல்வதே சரி. (மற்ற வழக்குகளிலும் அப்படித்தான் என்று என் வீட்டில் தீர்ப்பு.)

நான்காம் வழக்கு: டீ. ஏலக்காய் ஊரில் இது சாதாரண விஷயமா? கடினத் தண்ணீரில் போட்ட டீ நிறம் மங்கலாக இருக்கும். மேலே மெல்லிய ஆடை கட்டும். அது பால் ஏடு இல்லை, தேயிலைச் சத்தும் சுண்ணாம்பும் சேர்ந்த படலம். ஆற்றுத் தண்ணீரில் அதே தூளைப் போடுங்கள். நிறமும் மணமும் பளிச்சென்று இருக்கும். வழக்கு உறுதியானது.

ஐந்தாம் வழக்கு: ஹீட்டரில் வெள்ளைப் பொருக்கு. குற்றம் நிரூபணம். கரன்ட் பில் ஏறும், ஹீட்டர் சீக்கிரம் சாகும். கொஞ்சம் புளியோ எலுமிச்சையோ தேய்த்தால் பொருக்கு விடும். அமிலத்தில் சுண்ணாம்பு கரைவதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். துணி, பாத்திரம், பருப்பு, டீ, ஹீட்டர் எல்லாவற்றுக்கும் கடினத் தண்ணீர் தொல்லைதான். ஆனால் குடிக்கிற மனிதனுக்கு? கடினத்தன்மைக்கு என்று உடல்நலத்தை ஒட்டிய வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. நம் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012-ம் ஆண்டுப் பதிப்பு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 600 வரை அனுமதிக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதானே!

அப்படியானால் அந்தக் குழந்தையைப் படுக்க வைத்தது எது?

பெரியவர் முகர்ந்து பார்த்தார்

குழந்தை மூன்றாம் நாள் வீடு திரும்பியது. நண்பர் கொதித்துப்போய் இருந்தார். "எல்லாம் வாசல் குழாய்த் தண்ணியாலதான்! இனிமே அதைத் தொடவே கூடாது" என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது.

எதிர்வீட்டுப் பெரியவர் பார்க்க வந்தார். குடிநீர் சப்ளை வேலையில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "தம்பி, பாப்பா எந்தத் தண்ணி குடிக்குது?" என்றார்.

"மெஷின் தண்ணிதான் மாமா."

"பல்லு விளக்குறது? குளிக்கிறது?"

"அது வாசல் குழாயிலே பிடிச்சு வச்ச தண்ணி."

பெரியவர் சிரித்தார். மூன்று வயசுக் குழந்தை வாய் கொப்பளித்தால் பாதியைத் துப்பும், பாதியைக் குடிக்கும். குளிக்கும்போது சொம்போடு வாயில் வைக்கும். இது மெஷின் கம்பெனிக்குத் தெரியாது. தாத்தாக்களுக்குத் தெரியும்.

வாசல் டிரம்மைத் திறந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். "பிளீச்சிங் வாடையே இல்லையே?" தன் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரையும் கொண்டுவந்தார். அவர் கையில் பழைய உத்தியோகத்து ஞாபகார்த்தமாக ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. ஆர்த்தோடாலிடின் என்ற திரவம். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும். (சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.)

அவர் வீட்டுத் தண்ணீர் இளமஞ்சள் ஆனது. நண்பர் வீட்டுத் தண்ணீர் அப்படியே நின்றது!

ஒரே தெரு. ஒரே மெயின் லைன். எதிர்வீட்டுக்கு வந்த குளோரின் இங்கே மட்டும் எப்படிக் காணாமல் போகும்? குளோரின் ஒரு காவல்காரன் மாதிரி. வழியில் அழுக்கைக் கண்டால் சண்டை போட்டுத் தீர்ந்துபோகும். அதாவது, மெயின் லைனுக்கும் வாசல் குழாய்க்கும் நடுவே எங்கோ அழுக்கு நுழைகிறது.

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைத் தொடர்ந்து போனார். வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் வாசல் சாக்கடையைத் தாண்டி வருகிறது. தாண்டும் இடத்தில் சாக்கடைத் தண்ணீரில் முங்கிக் கிடக்கிறது. தொட்டால் உதிரும் துரு. ஊசி முனை அளவு ஓட்டைகள். அது போதாதென்று, தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்று நண்பர் குழாயில் நேராகவே ஒரு மோட்டாரைப் பொருத்தி வைத்திருக்கிறார்!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. எந்நேரமும் தண்ணீர் வரும் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே பீச்சும். நேரம் வைத்து வரும் குழாயில் மற்ற நேரம் வெறும் காற்று. அப்போது வெளியே இருப்பது மெல்ல உள்ளே கசியும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி, சாக்கடையையே உறிஞ்சித் தரும். பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் குறைவது தனிப் பாவம். குடிநீர் இணைப்பில் மோட்டார் வைப்பது சட்டப்படியும் தப்பு.

பெரியவர் நிமிர்ந்தார். "தம்பி, பதினாலாயிரம் போட்டு உப்பை விரட்டினீங்க. சரி. கிருமிக்கு வாசலைத் தொறந்து வச்சுட்டீங்களே!"

இன்னொரு வேடிக்கையும் அன்றைக்குத்தான் வெளிவந்தது. மெஷினை மாட்டியவர் அதை மாடி டேங்க் குழாயில் இணைத்திருந்தார். அதாவது, போர் தண்ணீரை எடுத்து, உப்பைப் பிரித்து, பாதிக்கு மேல் சாக்கடையில் விட்டு, மிச்சத்தைக் குடிக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த மென்மையான ஆற்றுத் தண்ணீரில் பைக் கழுவுகிறார்கள்!

மறுநாள் புதுக் குழாய் போட்டார்கள், சாக்கடைக்கு மேலே தூக்கி. செலவு சில நூறு ரூபாய். மோட்டார் கழன்றது. அடுத்த தடவை தண்ணீர் வந்தபோது பெரியவரின் பாட்டில் இங்கேயும் மஞ்சள் காட்டியது.

லண்டன் விதவையும் பீர் தொழிலாளிகளும்

கண்ணுக்கும் நாக்குக்கும் நல்லதாகத் தெரிகிற தண்ணீர் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு உலகம் இன்னமும் பேசுகிற உதாரணம் ஒன்று உண்டு. 1854-ம் வருஷம், லண்டன் மாநகரம், பிராட் தெரு. அங்கே இருந்த அடிபம்புத் தண்ணீருக்கு ருசி அதிகம் என்று நல்ல பெயர். ஹாம்ப்ஸ்டெட் என்ற தூரப் பகுதிக்குக் குடிபோன ஒரு விதவைப் பெண்மணி, அந்த ருசிக்காகவே தினமும் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்தார்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் தெருவில் காலரா வெடித்தது. அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். தூரத்தில் இருந்த அந்த விதவையும் செத்தார். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்து, எல்லாக் கோடும் அந்தப் பம்பில் வந்து முடிவதைக் காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பக்கத்திலேயே இருந்த கழிவுக்குழி கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

அதே தெருவில் ஒரு பீர் தொழிற்சாலை. அதன் தொழிலாளிகள் காலராவுக்குத் தப்பிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த பானத்தையே குடித்து, பம்புப் பக்கமே போகவில்லை! (இளைஞர்கள் உடனே வேறு முடிவுக்கு வர வேண்டாம். பீர் காய்ச்சும்போது தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். புண்ணியம் கொதியில் இருக்கிறது.)

மென்மை என்றால் சுத்தமா?

அது கிருமியின் கதை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரி ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அது அதிகம். நிறம் இல்லை, வாடை இல்லை. பல் பழுப்பாகும், போகப்போக எலும்பையும் பாதிக்கும். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-ல் காவிரித் தண்ணீரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டவே கூடாது. இன்னொன்று நைட்ரேட். உரமும் கழிவுநீரும் நிலத்தில் இறங்குவதால் வருவது. 45 மில்லிகிராம் எல்லை. கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இந்த இரண்டையும் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

இதைப் படித்துவிட்டு, "நம்ம மலைத் தண்ணி மென்மையானது, கவலை இல்லை" என்று போடிக்காரர்களும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். மென்மை வேறு, சுத்தம் வேறு. மழைக் காலத்தில் எந்த மலை ஆறும் மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கி வரும். படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, வடிகட்டி, குளோரின் கலந்தால்தான் குடிநீர். ஏலக்காய் பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர்களில் ஒன்று என்பதும் மலையோரத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல. தோட்டத்து ஓடையில் மருந்து இருக்கிறதா என்பதைச் சோப்பு நுரை சொல்லாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

மெஷின் வேண்டுமா, வேண்டாமா?

ஆர்.ஓ. மெஷின் மோசடி இல்லை. ஃப்ளோரைடு, நைட்ரேட், அளவுக்கு மீறிய உப்பு உள்ள இடத்தில் அது தேவைதான். ஆனால் ஒரு லிட்டர் தருவதற்கு வீட்டு மெஷின் பல சமயம் இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. உடம்புக்கு வேண்டிய உப்பையும் சேர்த்தே எடுக்கிறது. கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. கம்பெனிகள் விடவில்லை, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அது எப்படியோ போகட்டும், அந்த 500 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் கிருமியைக் கொல்வதுதான் வேலை. அதற்கு அடுப்பு போதும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. முதலில் உங்கள் வீட்டில் எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

2. குழாய் சாக்கடைக்குள் முங்கி வருகிறதா, குனிந்து பாருங்கள். குடிநீர் இணைப்பில் மோட்டார் இருந்தால் கழற்றுங்கள்.

3. லேசான பிளீச்சிங் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வாடை பிடிக்காவிட்டால் கொஞ்ச நேரம் பாத்திரத்தில் வையுங்கள், போய்விடும்.

4. சந்தேகம் வந்தால் கொதிக்க வையுங்கள். 'சூடு' போதாது. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வேண்டும். கொழுக்குமலை மாதிரி உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிஷம். கொதித்தால் கிருமி சாவதோடு கடினத்தன்மையிலும் ஒரு பகுதி அடியில் பொருக்காகப் படிந்துவிடும். தெளிந்ததை வடித்துக்கொள்ளுங்கள்.

5. கொதிக்க வைத்த தண்ணீர்க் குடத்தில் கையையும் டம்ளரையும் முக்காதீர்கள். குழாய் வைத்த பாத்திரம் நல்லது. சம்ப், மாடி டேங்க் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது கழுவுங்கள். டேங்க்கின் மூடி எங்கே என்று இப்போதே மாடி ஏறிப் பாருங்கள்!

6. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். உப்புச் சோதனைக்குச் சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, இரண்டு லிட்டர் பிடித்துப் போங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களே தரும் பாட்டிலில், ஐஸில் வைத்து, அன்றைக்கே சேர்க்க வேண்டும். முடிவில் கடினத்தன்மையோடு ஃப்ளோரைடு, நைட்ரேட்டையும் பாருங்கள். 'கோலிஃபார்ம்' என்ற கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

7. இத்தனையும் பார்த்த பிறகு மெஷின் தேவை என்று காகிதம் சொன்னால் வாங்குங்கள். கறுப்புத் தண்ணீர் சொன்னால் வாங்காதீர்கள்.

போடி ஏலக்காய் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கை அள்ளி, நிறத்தையும் பருமனையும் பார்த்தே தரம் சொல்லிவிடுவார்கள். ஏலக்காய்க்குக் கண் போதும். தண்ணீருக்குப் போதாது. நண்பர் கண்ணால் பார்த்துப் பயந்தது உப்பை. குழந்தையைப் படுக்க வைத்தது கண்ணுக்குத் தெரியாத கிருமியை.

போன வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. மெஷின் இன்னும் சுவரில் இருக்கிறது. மின்சாரம் இல்லை. தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசல் குழாயில் பிடித்துக் கொதிக்க வைத்த தண்ணீரில், ஏலக்காய் தட்டிப் போட்டு டீ வந்தது. ஆடை கட்டாத, பளிச்சென்ற டீ.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் நண்பரின் மனைவி.

"பதினாலாயிரம் ரூபாய் டீம்மா" என்றேன்.

நண்பர் மட்டும் சிரிக்கவில்லை.